மாத்திரை கொடுக்கும் கை எதுவரை போகலாம்?

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தை தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில், மகள் ஓசூரில். அத்தையின் மாத்திரைகள் எல்லாம் ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பையில், அடுப்படி ஆணியில் தொங்கும். போன தை மாதம் நான் அங்கே இருந்த அன்று, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வந்தார். அதே ஊர்ப் பெண். பிபி பார்த்தார், வழக்கத்தைவிட நன்றாக இறங்கியிருந்தது. அத்தையின் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. "அந்தப் பையை எடுங்க பெரியம்மா" என்று சொல்லி, மாத்திரை எல்லாவற்றையும் திண்ணையில் கொட்டச் செய்தார்.

அதில் இரண்டு அட்டைகள். ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. இன்னொன்று, தர்மபுரியில் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தபோது மெடிக்கலில் வாங்கியது. நிறம் வேறு, கம்பெனி வேறு, மேலே பெரிதாக அச்சிட்ட பெயரும் வேறு. கீழே சின்ன எழுத்தில் மட்டும் இரண்டிலும் ஒரே பெயர் இருந்தது: அம்லோடிபின். பிபியை இறக்கும் மருந்து, அளவு கூடினால் கால் வீங்கும். மூன்று வாரமாக அத்தை இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒண்ணைத் தூக்கிப் போட்டுடேன்மா."

"நான் அப்படிச் சொல்லக் கூடாதுங்க பெரியம்மா. நர்சம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

வாசலில் நின்று போன் போட்டார். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். நோட்டில் தேதி, நேரம், பிபி அளவு எல்லாம் எழுதினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: இன்றைக்கு இனி அந்த மாத்திரை வேண்டாம், நாளைக் காலையில் டாக்டரிடம் நேரில் அழைத்து வரவும். மறுநாள் நானே கூட்டிப்போனேன்.

இரண்டும் ஒரே மருந்து என்பது அவருக்குப் பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது. பிறகு எதற்கு இந்த போன், இந்தக் காத்திருப்பு என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, எதுக்கெடுத்தாலும் போன்தான்" என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. அந்தப் பெண் செய்தது எவ்வளவு சரியான வேலை என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இதற்கென்றே ஒரு பதவி உண்டு. தமிழில் மருந்து உதவியாளர் என்று சொல்லலாம். ஏற்கெனவே செவிலியர் உதவியாளராக வேலை பார்ப்பவர், கூடுதலாகப் படித்து, தேர்வு எழுதி, மாநில அரசின் சான்று பெற்று இந்த வேலைக்கு வருகிறார். டெக்சஸில் இதற்கு 140 மணி நேரப் பயிற்சி. எந்தெந்த மாநிலத்தில் என்னென்ன செய்யலாம் என்பதில் வித்தியாசம் உண்டு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: மருத்துவர் எழுதியதை, செவிலியரின் மேற்பார்வையில், எழுதியபடியே கொடுப்பது. சரியான ஆளுக்கு, சரியான மருந்தை, சரியான அளவில், சரியான வழியில், சரியான நேரத்தில். கொடுத்ததும் உடனே பதிவு செய்வது. நோயாளி வேண்டாம் என்று மறுத்தால் அதையும் பதிவு செய்வது. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து அவர்கள் கைக்கு வராது. ஊசியும் பெரும்பாலான மாநிலங்களில் வராது. அளவைக் கணக்குப் போட்டு மாற்றுவது கிடையாது. 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று எழுதிய மருந்தாக இருந்தால், இப்போது தேவையா என்று பார்த்து முடிவு சொல்பவர் செவிலியர்.

நம் நாட்டில் இந்தப் பெயரில் உரிமம் பெற்ற பதவி கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது, பல பேர் பல பெயரில் செய்கிறார்கள். காசநோய்க்கு மாத்திரை போடுவதைக் கண்ணெதிரே பார்த்து உறுதி செய்யும் அங்கன்வாடிப் பணியாளர், கிராமத்துக்கு வரும் நர்சம்மா, மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண்கள், ஓசூரில் ஏஜென்சி மூலம் வீட்டுக்கு வரும் அட்டெண்டர் என்று வரிசை நீளம்.

வீட்டிலேயே மருந்து கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, உலகம் முழுக்க அந்த நோய்க்கான சிகிச்சை முறையையே மாற்றியது. அதுவரை காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகிறது, வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-இல் முடிவு வந்தது. அந்த ஆய்வில் பணியாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய், மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அத்தை வீட்டுத் திண்ணையில் பையைக் கொட்டியதும் அதே வேலைதான்.

இப்போதுள்ள ஏற்பாடு நம் பக்கத்திலேயே தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் மாதாமாதம் மாத்திரைக்காக நடக்க வேண்டாம், வீட்டுக்கே வரும் என்பது திட்டத்தின் மையம். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு என்று மற்ற கிளைகளும் உண்டு. வீடு வீடாகப் போகும் பெண்கள் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது.

சரி, மருந்தாளுநர் படிப்பு இல்லாத ஒருவர் மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறதா? 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் செய்ய வேண்டும். இன்னொரு பக்கம், 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை சிலருக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று விலக்கு தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்த பல்நோக்குப் பணியாளர்கள், கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை, அது அரசின் சுகாதாரத் திட்டத்தின் கீழ் தரப்படும் மருந்தாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் எல்லை எங்கே என்று புரியும். அனுமதி அந்தப் பெண்ணின் தனிப்பட்ட கைக்குக் கிடைத்தது இல்லை, அவர் பின்னால் நிற்கும் திட்டத்துக்குக் கிடைத்தது. டாக்டர் எழுதிய மருந்து, சுகாதார நிலையத்தின் இருப்பு, மேலே ஒரு செவிலியர், எழுதிவைக்கும் நோட்டு. இவற்றிலிருந்து கழன்று, பக்கத்து வீட்டு அக்கா என்ற முறையில் அவர் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தால், அந்த அனுமதியும் கழன்றுவிடுகிறது.

இதை அவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டச் சொல்லி நெருக்குவது நாம்தான். "போன மாசம் சுகர் கூட இருந்துச்சு, ரெண்டாப் போட்டுக்கட்டுமா?" "அவருக்குக் கொடுத்த அதே மாத்திரையை எனக்கும் ரெண்டு குடும்மா." "எங்க அம்மாவுக்கு முழுங்க வரலை, இடிச்சுக் குடுத்துடு." கேட்கிறவருக்கு இதெல்லாம் சின்ன உதவி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இடித்துக் கொடுக்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினில் சாதாரண மாத்திரையும் உண்டு, மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் வகையும் உண்டு. இரண்டாவதை அம்மியில் வைத்து நுணுக்கினால், நாள் முழுக்கப் பிரிந்து போக வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போகிறது. வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையட்டும் என்று மேல்பூச்சு கொடுத்த மாத்திரைகளும் அப்படித்தான், உடைத்தால் பூச்சுக்கு அர்த்தமே இல்லை. அட்டையைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல மருந்தாளுநரோ செவிலியரோ வேண்டும். முழுங்க முடியவில்லை என்பதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உதவியாளரின் வேலை. மாற்று மருந்து எழுதுவது டாக்டரின் வேலை.

இன்சுலின் இன்னும் நுட்பமானது. ஊசி போடுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம், உண்மையில் அளவுதான் ஆபத்து. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மெடிக்கலில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால், 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், ஏன் என்று யாருக்கும் புரியாது. தலைகீழாக மாறினால், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வரும் உதவியாளரிடம் "எல்லாரும் போடறதுதானே, நீயே போட்டுவிடு" என்று சிரிஞ்சை நீட்டும்போது நாம் நீட்டுவது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான்.

அப்படியானால் அவர்கள் வேலை வெறும் பட்டுவாடாவா? இல்லவே இல்லை. இங்கேதான் நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். பல் கறை மட்டும் பிரச்சினை இல்லை. பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அறுபது எழுபது வயதுக்காரர்களின் எலும்பில் பழைய தண்ணீர் ஏற்கெனவே தன் வேலையைச் செய்துவிட்டது. அதோடு தக்காளித் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் குனிந்து நிமிர்ந்த உடம்பு. வலிக்கு என்ன செய்கிறார்கள்? கடைக்குப் போய் "வலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் டைக்ளோஃபினாக் போன்றவை. அந்த வகை மாத்திரைகள் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண் உண்டாக்கும். ஏற்கெனவே பிபியும் சர்க்கரையும் உள்ளவருக்கு மூன்றும் சேர்ந்து வரும்.

டாக்டரிடம் போகும்போது பாட்டி இதைச் சொல்ல மாட்டார். பிபி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் போடுகிறேன் என்பார், அது உண்மையும்கூட. பிபி இறங்கவில்லை என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைக் கூட்டுவார். சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கும் வலி மாத்திரையை, வாசலில் உட்கார்ந்து பேசும் பெண்தான் பார்க்கிறார். அவர் அதைப் பிடுங்கி எறியக் கூடாது, நிறுத்து என்று உத்தரவு போடவும் கூடாது. வாரத்துக்கு எத்தனை போடுகிறார், எவ்வளவு நாளாக, பெயர் என்ன என்று எழுதி மேலே சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி டாக்டர் மேசைக்குப் போனால் சிகிச்சையே மாறும். பாதத்தைத் தொட்டுப் பார்த்தது, பையைக் கொட்டச் சொன்னது, சாப்பிட்டீர்களா என்று கேட்டது எல்லாம் அவரது கடமைக்குள் வருவதுதான். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் எழுதுவதற்கும் சொல்வதற்கும் அவருக்கு வரம்பே கிடையாது. முடிவெடுப்பதற்கு மட்டும்தான் வரம்பு.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் முதியவர்கள், தமிழ் எழுத்தும் தெரியாது. காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்பதை மாத்திரைக் கவரில் 1-0-1 என்று எழுதித் தந்தால் என்ன புரியும்? சூரியன், நிலா வரைந்து கொடுப்பது நல்ல வழி. அதைவிட முக்கியம், சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பது. தலையாட்டுவதை நம்பக் கூடாது. பெரியவர்கள் மரியாதைக்காகவும் தலையாட்டுவார்கள்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, ஓசூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஏஜென்சி மூலம் பகல் நேர அட்டெண்டர் வந்தார். இருபத்து நான்கு வயதுப் பெண், அஞ்செட்டிப் பக்கம் ஊர், சில மாதப் பயிற்சி முடித்தவர். நான் ஒரு தாளில் காலை, மதியம், இரவு என்று மாத்திரைகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஒருநாள் காலையில் அப்பாவுக்கு வாந்தி, இட்லி இறங்கவில்லை. தாளில் 'காலை: கிளிமிபிரைடு 1' என்று இருந்தது. அந்தப் பெண் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்கு அப்பா வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தார். மறுபடியும் பக்கவாதமோ என்று பயந்து எனக்கு போன் வந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 48, மிகவும் குறைவு. அப்பாவுக்கு முழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். நினைவே இல்லாமல் இருந்திருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-க்குத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. சாப்பாடு இல்லாமல் போட்டால் இருக்கிற சர்க்கரையும் இறங்கும். இது எனக்குத் தெரியும், தாளில் எழுதவில்லை. சாப்பிடாவிட்டால் கொடுக்காமல் எனக்கு போன் செய் என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்தப் பெண் தன் எல்லையைத் தாண்டவில்லை, எழுதியதை எழுதியபடி செய்தார். எழுதியதில்தான் குறை. வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள், அவர் அழுதுகொண்டே போனவர் திரும்பி வரவில்லை. இன்றும் அது என் மனதில் உறுத்துகிறது.

அத்தை வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் என் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் படிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு போனை எடுக்க ஒரு நர்சம்மா இருந்தார், இன்னொருவருக்கு யாரும் இல்லை. 'உன் எல்லைக்குள் நில்' என்று சொல்லும்போது, எல்லைக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்க வேண்டும். தனியார் வீட்டுப் பராமரிப்பில் பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஏஜென்சி ஆளை அனுப்பும், மருந்து விஷயத்தில் சந்தேகம் வந்தால் கேட்பதற்குச் செவிலியரை அனுப்பாது. குடும்பம்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று குடும்பத்துக்கும் தெரியாது.

இதற்கு நல்ல உதாரணம் தர்மபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில், ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த மலைக் கிராமங்களின் பெண்களையே தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். மூத்த பெண்கள் அவரவர் ஊரில் தாய் சேய் நலத்தைக் கவனித்தார்கள். பள்ளிப்படிப்பு குறைவாக இருந்தவர்களாலும் அதைச் செய்ய முடிந்தது. தங்களை மீறிய எதையும் அனுப்பிவைக்கப் பள்ளத்தாக்கிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது, அதில் அவர்களை மதித்துக் கேட்கும் மருத்துவர்கள் இருந்தார்கள்.

அப்பாவுக்கு இப்போது வேறு ஒருவர் வருகிறார், சூளகிரிக்காரர், நாற்பது வயது இருக்கும். வந்த முதல் நாளே இருவரும் உட்கார்ந்து தாளை மறுபடியும் எழுதினோம். மாத்திரையின் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எதற்காக, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. அப்புறம் தனியாக ஒரு கட்டம்: எப்போது கொடுக்கக் கூடாது. சாப்பிடவில்லை என்றால், வாந்தி எடுத்தால், மேல் பிபி 100-க்குக் கீழே இருந்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் கொடுக்காமல் போன் செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தை டாக்டரிடம் காட்டி, அப்பாவுக்கு ஏற்றபடி அவர் கையால் திருத்தி வாங்கினேன். அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும், என் அப்பாவின் தாள் இன்னொருவருக்குப் பொருந்தாது. கீழே மூன்று நம்பர்கள்: நான், என் மனைவி, அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக் கூடாது என்பது சிவப்பு மையில்.

சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். போன வாரம் மதியம் ஒன்றரை மணிக்கு போன் வந்தது. "அண்ணா, ஐயா ராகிக் களி ரெண்டு வாய்தான் சாப்பிட்டாரு. மாத்திரையை எடுத்து வெச்சிருக்கேன், குடுக்கலை. என்ன பண்ணட்டும்?"

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை கொடுக்க வேண்டாம் என்றேன். சரிங்கண்ணா என்று நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.